ஓமியாகே: ஜப்பானில் எந்த ஊரில் எந்தப் பண்டம், எத்தனை நாள் தாங்கும்?

ஜப்பானிய இனிப்புக் கடையில் விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் இருக்கும் குட்டி அட்டையைப் பாருங்கள். ஓர் எண், அதையொட்டி நிமிர்ந்த செவ்வகத்தின் நடுவே குறுக்குக் கோடு போட்ட ஓர் எழுத்து. அந்த எழுத்துக்கு 'நாள்' என்று பொருள். பண்டம் எத்தனை நாள் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. கடைக்காரர்கள் இதை 'ஹிமொச்சி' என்பார்கள். சுவை, விலை, டப்பாவின் அழகு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வெளியூர் போய்த் திரும்புகிறவர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் வாங்கி வரும் ஊர்ப் பண்டம்தான் ஓமியாகே. பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்கவென்றே செய்வதால் பெரும்பாலும் ஒவ்வொரு துண்டும் தனி உறையில் இருக்கும். பல வீடுகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் 'கொவாகே புகுரோ' என்று கேளுங்கள். பெட்டிக்கொன்றாகக் கடையின் சிறிய பைகளை மடித்துத் தருவார்கள். பிளாஸ்டிக் கைப்பைக்கு 2020 ஜூலையிலிருந்து தனிக் காசு.

பெட்டியில் அச்சிட்ட தேதியில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். அங்கே ஆண்டு முதலில் வரும். 26.5.12 என்றால் 2026 மே 12. அரிதாகச் சில பெட்டிகளில் பேரரசர் ஆண்டுக் கணக்கு இருக்கும். 2026 அந்தக் கணக்கில் 8ஆம் ஆண்டு என்பதால் அதே நாள் 8.5.12 என்றாகிவிடும். மே 8 என்று படித்துவிடாதீர்கள். தேதியிலும் இரண்டு வகை உண்டு. 'ஷோமி கிகென்' என்பது சுவை குறையாமல் இருக்கும் நாள். 'ஷோஹி கிகென்' தாண்டினால் சாப்பிடவே கூடாது.

இரண்டாவது வகைக்குச் சரியான உதாரணம் இசே நகரத்து அகாஃபுகு மோச்சி. 1707இல் தொடங்கிய கடை. இசே பெருங்கோயிலின் உட்கோயிலுக்குப் போகும் ஒஹாராய்மாச்சித் தெருவில் இருக்கிறது. நம் மோதகத்தைத் திருப்பிப் போட்டதுபோல இங்கே பூரணம் வெளியே, மாவு உள்ளே. அசுகிப் பயற்றை வேகவைத்து, அரைத்து, சர்க்கரை சேர்த்துக் கிளறிய வழுவழுப்பான பூரணத்தை மெத்தென்ற அரிசி உருண்டையின் மேல் விரல்களால் இழுத்து விடுகிறார்கள். மேலே தெரியும் மூன்று வரிகள் கோயிலை ஒட்டி ஓடும் இசுசு ஆற்றின் நீரோட்டம். அடியில் இருக்கும் வெள்ளை மோச்சி ஆற்றின் கூழாங்கல். கோடையில், செய்த நாளையும் சேர்த்து 2 நாள், குளிர்காலத்தில் 3 நாள். அவ்வளவுதான் ஆயுள். கெடாமல் இருக்கட்டும் என்று குளிர்பெட்டியில் வைத்தால் அரிசி மாவு இறுகி ரப்பராகிவிடும். பெட்டியைச் சாய்த்துத் தூக்கினால் பூரணம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். தட்டையாகவே பிடித்து, இரவுக்குள் விடுதியில் சாப்பிட்டுவிடுங்கள். இசேவுக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு நகோயா, ஷின்-ஓசாகா ரயில் நிலையங்களில் கிடைக்கும். டோக்கியோவில் வழக்கமாகக் கிடைக்காது. இதை ஊருக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள்.

ஊருக்குக் கொண்டுவர மோச்சி வகையில் நான் முதலில் சொல்வது யமனாஷி மாவட்டத்தின் கிக்யோ ஷிங்கென் மோச்சி. 1968 முதல் விற்பனையில் இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு நாள் தாங்கும். ஃபுஜி மலை பார்க்க கவாகுச்சிகோ போகிறவர்கள் அந்த ரயில் நிலையத்திலேயே வாங்கலாம். கோஃபு நிலையத்திலும் உண்டு. பூப்போட்ட மெல்லிய பிளாஸ்டிக் துணியை முடிச்சுப் போட்டுக் கட்டிய சிறு மூட்டை. உள்ளே ஒரு கிண்ணம். அதில் மூன்று மோச்சித் துண்டுகள், மேலே கிண்ணம் நிறைய வறுத்த சோயா மாவு. கூடவே விரல் நீளப் புட்டியில் கருஞ்சர்க்கரைப் பாகு. மாவின் வாசம் நம் பொட்டுக்கடலை மாவுக்குக் கிட்டத்தட்ட வரும். நேராகப் பாகை ஊற்றினால் மாவு மேலேயே நின்று வழிந்துவிடும். முதலில் ஒரு துண்டைக் குச்சியால் எடுத்துவிட்டு அந்தக் குழியில் பாகை ஊற்றிக் கலக்குங்கள். இன்னொரு வழியும் உண்டு. துணியை விரித்து, எல்லாவற்றையும் அதன் மேலேயே கவிழ்த்து, பாகு விட்டுத் துணியோடு பிசைவது. ஒரு பொட்டு மாவும் வீணாகாது. மின்விசிறிக்குக் கீழே மட்டும் பிரிக்க வேண்டாம், மாவு பறக்கும். முட்டை, பால் எதுவும் கிடையாது என்பதால் சைவ வீடுகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம்.

ஹொக்கைடோவில் கதை வேறு. அங்கே பால், வெண்ணெய், சாக்லெட். எல்லாவற்றுக்கும் வெப்பம்தான் எதிரி. பாலேடு கலந்த மென்மையான ரோய்ஸ் நாமா சாக்லெட்டை 10 டிகிரிக்குக் கீழே வைத்தாக வேண்டும். பனிப்பொதியும் வெப்பம் தடுக்கும் பையும் கடையிலேயே காசுக்குத் தருவார்கள். ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. உறையாத பதத்தில் இருக்கும் ஜெல் பொதியைப் பன்னாட்டு விமானப் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள். ஊருக்குள் வாங்கிக் கைப்பையில் எடுத்துப்போனால் பொதி போய்விடும், சாக்லெட் மட்டும் மிஞ்சும். சோதனை தாண்டிய பிறகு உள்ளே இருக்கும் கடையில் வாங்குங்கள். வழியில் விமானம் மாறி, அங்கே மறுபடி சோதனை என்றால் அதே சிக்கல் திரும்ப வரும். அப்படிப்பட்ட பயணத்துக்கு இது வேண்டாம். சில வகைகளில் மது சேர்ப்பதால் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

வெயில் ஊருக்கு ஷிரோய் கொய்பிதோ மேல். 1976இல் வந்தது. மெல்லிய இரண்டு பிஸ்கட்டுகளுக்கு நடுவே வெள்ளை சாக்லெட். சற்று இளகினாலும் குளிர்ந்ததும் அதே வடிவத்துக்கு வந்துவிடும். ரொக்காதேய் கடையின் மருசேய் பட்டர் சாண்ட் சுவையில் இதைவிட ஒரு படி மேலே: வெண்ணெய்க் கிரீமில் முழு உலர்திராட்சை. ஆனால் 25 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டியது, நாளும் குறைவு. டிசம்பரில் வாங்குங்கள், மே மாதத்தில் தொடாதீர்கள். ஷின் சிதோசே விமான நிலையத்தில் வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உள்நாட்டு முனையத்தின் 2ஆம் தளத்தில் வாங்குவது நல்லது. மாவட்டத்தின் முக்கியமான பண்டங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கின்றன. இரண்டு முனையங்களுக்கும் நடுவே நடைபாதை உண்டு.

கியோட்டோவில் நாமா யாட்சுஹாஷி. பட்டை வாசம் ஏறிய அரிசி மாவுத் தோலை முக்கோணமாக மடித்து உள்ளே பூரணம். கொழுக்கட்டை சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு முதல் கடியிலேயே பிடிக்கும். நிலையத்தை ஒட்டிய இசேதான் அங்காடியின் கீழ்த்தளத்திலும், நிலத்தடிக் கடைவீதி போர்தாவிலும் கிடைக்கும். ஹிரோஷிமாவில் மேப்பிள் இலை வடிவ மோமிஜி மஞ்சு, உள்ளே பூரணம் வைத்த சிறு கேக். மியாஜிமா தீவில் அதைச் சுடச்சுட எண்ணெயில் பொரித்துக் குச்சியில் தருவார்கள், அது அங்கேயே நின்று தின்ன. நாகசாகியில் கஸ்தெரா கேக். ஃபுகுசாயா 1624 முதல் செய்கிறது, அடியில் நறநறக்கும் கற்சர்க்கரைதான் அதன் உயிர். செண்டாயின் மாட்டு நாக்குப் பண்டங்கள் எவ்வளவு பேர் பெற்றிருந்தாலும் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது, மாட்டிறைச்சி இறக்குமதிக்குத் தடை.

சைவர்கள் பெயரையும் படத்தையும் நம்பக் கூடாது. ஒகினாவாவின் சின்சுகோ பார்வைக்கு வெறும் பிஸ்கட். ஆனால் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பில் செய்வது. தாவர எண்ணெயில் செய்ததும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். லேபிளில் 'ராதோ' என்றிருந்தால் பன்றிக் கொழுப்பு, 'ஜெராச்சின்' என்றிருந்தால் ஜெலட்டின். ஹமமாட்சுவின் உனாகி பை 1961 முதல் வரும் இனிப்புப் பிஸ்கட். அதில் விலாங்கு மீன் பொடி சேர்கிறது. உலர்ந்த உதோன் நூடுல்ஸ் சைவம்தான், கூட வரும் குழம்புப் பொட்டலத்தில் பெரும்பாலும் சூரை வகை மீன் சாறு இருக்கும். ஒகினாவாவில் சைவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது கொகுதோ. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கிய வெல்லமேதான். தீவுக்குத் தீவு உப்பும் கசப்பும் மாறும். இரண்டு மூன்று தீவுகளின் பாக்கெட்டுகளை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடையில்லாமல், உடையாமல், மாதக்கணக்கில் இருப்பது ஷிச்சிமி. ஏழு பொருள் கலந்த காரப்பொடி. நகானோவின் ஜென்கோஜி கோயில் தெருவில் 1736 முதல் இருக்கும் யவதயா இசொகோரோவின் 14 கிராம் டப்பா உள்ளங்கையில் அடங்கும். மிளகாய், இஞ்சி, எள், ஆரஞ்சுத் தோல், சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகு, ஷிசோ என்ற வாசனை இலை, சணல் விதை (கஞ்சா இனச் செடியின் விதை). தயிர் சாதத்தின் மேல் தூவிப் பாருங்கள். டோக்கியோ அசாகுசாவின் யாகென்போரி இன்னும் பழையது, 1625. அதில் இஞ்சிக்கும் ஷிசோவுக்கும் பதிலாகக் கசகசா வரும். இங்கேதான் எச்சரிக்கை: சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குத் தடை. அந்த ஊர்களில் இறங்குகிறவர்களும் வழியில் மாறுகிறவர்களும் கசகசா உள்ள டப்பாவை வாங்கவே வேண்டாம். அமீரகம் போகிறவர்கள் சணல் விதை உள்ளதையும் தவிர்ப்பது பாதுகாப்பு.

எந்த ஊருக்கும் போக நேரமில்லையா? டோக்கியோவின் யுராகுச்சோ நிலையத்துக்கு எதிரே கோட்சு கைகான் என்ற கட்டடம். அங்கே ஹொக்கைடோ, வகயாமா உள்ளிட்ட மாவட்டங்கள் தாங்களே நடத்தும் கடைகள் இருக்கின்றன. நடக்கும் தூரத்தில் ஜின்சாவில் ஹிரோஷிமா, கோச்சி, நகானோ கடைகள். டோக்கியோ நிலையத்தில் நுழைவாயிலுக்கு உள்ளே கிரான்ஸ்தா கடைவீதி, வெளியே யாஎசு பக்கம் இச்சிபான்காய் கடைவீதி, தாய்மாரு அங்காடி. உள்ளே வாங்க ரயில் டிக்கெட் இல்லாவிட்டாலும் நடைமேடைச் சீட்டு போதும், இரண்டு மணி நேரம் செல்லும். அங்கே குஞ்சு வடிவ ஹியோகோவை டோக்கியோ பண்டம் என்று எல்லோரும் வாங்குவார்கள். அது 1912இல் ஃபுகுவோகா மாவட்டத்து ஈஸுகாவில் பிறந்தது. கியூஷு போகிறவர்கள் அதை அங்கேயே வாங்கட்டும்.

கைப்பையில் மிசோ, நீர் உள்ள ஊறுகாய், புட்டிங் எதுவும் 100 மில்லிக்கு மேல் ஆகாது, எல்லாம் பெரிய பெட்டிக்குத்தான். பிஸ்கட் டப்பாக்களைப் பெட்டியின் நடுவே, சுற்றிலும் துணி வைத்து அடுக்குங்கள். ஓரத்தில் வைத்தது தூளாகும்.

உணவுக்கு வரி 8 சதவீதம். ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென்னுக்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரியில்லாமல் பெறலாம். ஆனால் சீல் வைத்துத் தரும் பையை ஜப்பானுக்குள் பிரிக்கக் கூடாது. ரயிலில் தின்னப்போவதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்குங்கள். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. கடையில் வரியோடு கட்டி, புறப்படும்போது சுங்கத்தில் சரிபார்ப்பு முடிந்த பிறகு வரி திரும்ப வரும். சீல் பை இருக்காது. சுங்கத்தில் கேட்டால் பொருளைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பெட்டியை விமானத்தில் ஏற்றக் கொடுப்பதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.