இன்டர்கூலரை எங்கே உட்கார வைப்பது? பழைய டர்போ பிக்கப்பில் நடக்கும் வேலை

என் பழைய டீசல் பிக்கப்பில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உண்டு, அப்படி அழுத்தும்போது சூடாகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது. கம்பெனியிலிருந்து வந்ததே அப்படித்தான். ஒன்று மாட்டிவிடலாம் என்று இறங்கியபோது, எதை வாங்குவது என்பது சட்டென்று முடிந்துவிட்டது. எங்கே வைப்பது என்பதுதான் இழுத்தது.

முதலில் கணக்கு. 30 டிகிரி காற்றை டர்போ 1 பார் பூஸ்ட்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் இன்னும் 1 பார்) அழுத்தினால், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தாலும், வெளியே வரும்போது சுமார் 125 டிகிரி இருக்கும். அதை 60-க்கு இறக்கினால், அதே பூஸ்ட்டில் கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். இன்டர்கூலருக்குள்ளும் குழாய்களிலும் கொஞ்சம் அழுத்தம் விழும் என்பதால் முழுதாகக் கைக்கு வராது. ஆனாலும் லாபம்தான்.

இன்ஜின் தலைக்கு மேல் வைத்து, பானட்டில் ஓட்டை போட்டு, காற்றை உள்ளே வாங்கும் ஸ்கூப் மாட்டலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. குழாய் நீளம் மிகக் குறைவு, எனக்கும் ஆசை இருந்தது. வெட்டுவதற்கு முன் பானட் முழுக்கச் சின்னச் சின்ன கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இன்னொரு வண்டியில் போய்ப் பார்த்தேன். பானட்டின் நடுவில் நூல்கள் படிந்து நேராகப் பின்னால் ஓடின. முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தவை மட்டும் துள்ளிக்கொண்டு திசை மாறின. காற்று கண்ணாடியில் மோதித் தேங்கி அழுத்தம் கூடும் இடம் அது. ஸ்கூப்புக்கு நல்ல வாய் வேண்டுமென்றால் ஒன்று அங்கே வெட்ட வேண்டும், இல்லையென்றால் பானட்டின் மேல் நன்றாக உயர்த்த வேண்டும். என் இன்ஜினில் இடம் அமைந்ததோ நடுவில். போதாததற்கு, டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அடியிலேயே. வண்டி நின்றால் இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். விட்டுவிட்டேன்.

சேஸிஸுக்கு அடியில் மின்விசிறியோடு வைப்பதை யோசித்த வேகத்திலேயே தள்ளினேன்: சேறு, கல், நீளமான குழாய். தண்ணீரால் குளிர்விக்கும் வகைக்குத் தனி பம்ப், தனி ரேடியேட்டர். அந்த ரேடியேட்டரை எங்கே வைப்பது என்று மறுபடி அதே கேள்வி!

கடைசியில் முன்பக்கம்தான். அங்கே ஏற்கெனவே ஏசி கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர். ரேடியேட்டரில் ஓடும் தண்ணீரே 90 டிகிரியை ஒட்டி இருப்பதால், இன்டர்கூலர் அதற்குப் பின்னால் போனால் பிரயோஜனமில்லை. முன்னால் வைத்தால் பின்னால் இருப்பவற்றுக்குச் சூடான காற்று போகும். அதனால் தடிமனான கோரை (இன்டர்கூலரில் காற்று ஊடுருவிப் போகும் நடுப்பகுதி) விட்டுவிட்டு, மெல்லியதாக, அகலமாக எடுத்தேன். தடித்த கோரின் பின்பாதிக்கு வருவது ஏற்கெனவே சூடான காற்று. வேலை குறைவு, தடை அதிகம்.

அதே அளவில் அட்டையில் ஒரு டம்மி செய்து வைத்துப் பார்த்தேன். பானட் பூட்டின் தாங்கு கம்பிதான் இடைஞ்சல். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அட்டையின் மேல் விளிம்பில் உருட்டி வைத்து, பானட்டை அறைந்து சாத்தித் திறந்தேன். ஒரு மூலையில் களிமண் தாள் மாதிரி நசுங்கியிருந்தது. பிராக்கெட்டைக் கீழே இறக்கி, ரப்பர் புஷ் போட்டு மாட்டினேன்.

பலரும் கோட்டைவிடுவது ஓரங்களில். இடைவெளி இருந்தால் காற்று கோருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். கிரில்லிலிருந்து இன்டர்கூலர் வரைக்கும் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு, விளிம்பில் ஃபோம். அதேபோல வெளியேறவும் வழி வேண்டும்: இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டுக் கவசத்தைக் கழற்றி எறியாமல் திரும்ப மாட்டினேன். அது இல்லாவிட்டால் கீழிருந்து காற்று ஏறி, இன்ஜின் அறையில் அழுத்தம் கூடி, முன்னாலிருந்து வரும் காற்று மந்தமாகும்.

குழாயில் ஒரே ஒரு விஷயம். இன்டர்கூலர் பாடியோடு, டர்போ இன்ஜினோடு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஒருபக்கம் சாயும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் இரண்டு இடத்தில் சிலிகான் ஹோஸ், குழாய் முனையில் வரம்பு எழுப்பி, டி-போல்ட் கிளாம்ப். வரம்பில்லாத வழுவழுப்பான முனை பூஸ்ட் ஏறியதும் கழன்று ஓடும்.

லோடோடு ஏற்றத்தில் போனபோது இன்டேக் மேனிஃபோல்டு சென்சார் 60-ஐ ஒட்டியே நின்றது. ரேடியேட்டர் சூடு முன்பைவிட லேசாகக் கூடுகிறது, சூடேறினால் வேகம் பிடிக்கும் விஸ்கஸ் ஃபேன் சீக்கிரமே உறுமத் தொடங்குகிறது. ஏசி போட்டு ஊர்ந்து போகும்போதுதான் அது உறுத்துகிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டில் கீழ்ப்பாதி உடைந்து கிடக்கிறது. அடுத்து அதை மாற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.