கச்சான் என்று நினைத்த கண்ணோய்

ஆடி மாதத்தில் திருகோணமலையில் கண் கரகரத்தால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கச்சான் காற்றில் முற்றத்தைக் கூட்டி முடிக்கும் முன்பே மணல் திரும்ப வந்துவிடும். அன்று பின்னேரம் உப்புவெளியிலிருந்து ஸ்கூட்டியில் வந்ததும், வலது கண்ணில் மண் விழுந்திருக்கும் என்று தண்ணீர் அடித்துக் கழுவினேன். குளியலறைக் கதவில் தொங்கிய துவாயால் துடைத்தேன். நான், கணவர், பிள்ளைகள் இருவர் என்று நாலு பேரும் பாவிக்கிற துவாய் அது.

காலையில் இமை ஒட்டிக் கிடந்தது. மாமி எட்ட நின்றே சொல்லிவிட்டா: "கண்ணோய் பிள்ளை. ஒருத்தரையும் பார்க்காத, தொத்திப்போடும்." கொஞ்ச நேரத்தில் நந்தியாவட்டைப் பூப் போட்ட தண்ணீரும் வந்தது. கண்ணில் விட்டேன், குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் ஒரு பாமசியில் கண்ணைக் காட்டினேன். கேள்வி ஒன்றும் கேட்காமல் சொட்டு மருந்து ஒன்றைத் தந்தார்கள். இரண்டு நாளில் சிவப்பு இறங்கியது. சரி, தப்பினேன் என்று பார்த்தால் நான்காம் நாள் இடது கண்ணிலும் நீர் வடிந்தது, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்க்கவே கூசியது.

கண் டொக்டர் முதலில் கண்ணையே பார்க்கவில்லை. காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினா. கடலைப் பருப்பு அளவில் ஒரு கட்டி, வலித்தது. "வைரஸ்தான்" என்றா. அப்புறம் செம்மஞ்சள் நிறத் தாள் துண்டு ஒன்றை இமைக்குள் தொட்டுவிட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தா. கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியுமாம். நல்லகாலம், இருக்கவில்லை.

பாமசி மருந்தைக் காட்டியதும் முகம் மாறியது. அதில் நுண்ணுயிர்க்கொல்லியோடு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது சிவப்பை மறைக்கும், வைரஸைக் கொல்லாது. அக்கி வகை வைரஸாக இருந்திருந்தால் கருவிழியே பழுதாகியிருக்கும் என்றா. எனக்குக் கை குளிர்ந்துவிட்டது.

பக்டீரியாவால் வந்தால் பீளை மஞ்சளாக, கெட்டியாக, துடைக்கத் துடைக்க வரும். அதற்குத்தான் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு. தூசி ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணும் சேர்ந்து அரிக்கும், மற்றவருக்குத் தொற்றாது. எனக்கு வந்தது பெரும்பாலும் அடினோ வைரஸ், தடிமனைக் கொண்டுவருகிற அதே கூட்டம். அதற்கென்று மருந்தில்லை, இரண்டு கிழமையில் தானாக ஆறும். கண் உலராமல் இருக்கச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மட்டும் எழுதித் தந்தா. வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ உடனே வரச் சொன்னா. கண்வில்லை போடுகிறவர்களும் பச்சைக் குழந்தைகளும் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாதாம்.

"பார்த்தால் தொத்துமா டொக்டர்?"

"பார்க்கிறதால வராதம்மா. கையும் துவாயும்தான்."

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அந்தத் துவாயைக் கொதிநீரில் போட்டேன். கண்மைப் பென்சில் குப்பைக்குப் போனது. பூத்தண்ணீரை நிறுத்தி, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுவை. ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. தலையணை உறையைத் தினமும் மாற்றினேன். கைத்தொலைபேசியைத் துடைப்பதுதான் அடிக்கடி மறந்தது.

ஆனாலும் பிந்திவிட்டது. எட்டாம் நாள் மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினான். புலமைப்பரிசில் வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் இருக்கக் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோசம், தகப்பனுக்குத்தான் இல்லை.

மாமிக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் வரவில்லை. அவவின் துவாய் எப்போதும் தனி, மடித்து அறைக்குள் வைத்திருப்பா. ஆனால் அவ சொல்கிற காரணம் வேறு. எங்கள் இருவருக்கும் சோறு போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதானே போட்டா.