நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா?

குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்கிற என் அண்ணனுக்குக் கண்ணுக்குள் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்றதும், நலம் விசாரிக்க வந்த பெரியம்மா கேட்டார்: "நல்லெண்ணெயா, விளக்கெண்ணெயா?" சிலிக்கான் எண்ணெய் என்றேன். "அது உடம்புக்குச் சூடாயிற்றே!" என்று கவலைப்பட்டார்.

அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே கடும் கிட்டப்பார்வை. அப்படிப்பட்ட கண் நீண்டிருக்கும். உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். கரும்புள்ளிகள் பறந்தபோது தறித் தூசி என்று துடைத்துக்கொண்டார். ஓரத்தில் மின்னல் வெட்டியபோது ஊரில் ஓரிடத்தில் காட்டினோம். சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்புத் திரை விழுந்த பிறகுதான் வேலூருக்கு பஸ் ஏறினோம்.

விழித்திரையில் வெறும் கிழிசலோடு வந்திருந்தால் லேசர் போட்டே சரிசெய்திருக்கலாமாம். தாமதத்தில், கழன்ற விழித்திரையின்மேல் தழும்புச் சவ்வு படர்ந்து அதைச் சுருக்கிவிட்டது. அண்ணனுக்கு இது உடனே புரிந்தது: "ஊடையில் ஓர் இழை இழுபட்டால் துணி முழுக்கச் சுருக்கம் விழுமே, அதுதானே?" டாக்டர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அறுவை சிகிச்சையில், வெள்ளை விழியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளைகள். ஒன்றில் உப்புநீர் இறங்க, ஒன்றில் விளக்கு, மற்றொன்றில் வெட்டி உறிஞ்சும் கருவி. கண்ணின் நடுவே உள்ள கெட்டியான நீர்மத்தை எடுத்துவிட்டுச் சவ்வை உரித்தார்கள். பிறகு தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவம்; அது அடியில் தங்கி விழித்திரையைத் தட்டையாக அமர்த்தும். கிழிசலைச் சுற்றி லேசர். கடைசியில் அந்தத் திரவத்தை எடுத்துவிட்டு எண்ணெய். சிறு துளை வழியே அந்தக் கெட்டி நீர்மத்தை எடுக்கும் வழியைத் திறந்தவர் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர், அமெரிக்காவின் மயாமியில், 1970இல். அதுவரை அந்த நீர்மத்தில் கைவைக்கவே பெரும்பாலான மருத்துவர்கள் அஞ்சினார்கள்.

எண்ணெய் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். குப்புறப் படுத்தால்தான் மேலெழும்பி, பின்னாலிருக்கும் விழித்திரையை அழுத்திப் பிடிக்கும். என்னைக் கேட்டால் அறுவை சிகிச்சையில் பாதி வீட்டில்தான் நடக்கிறது. அதைக் கெடுப்பவர்கள் சொந்தக்காரர்கள். ஆப்பிளும் ஹார்லிக்சுமாக வந்து, "கொஞ்சம் நிமிர்ந்து உட்காரப்பா, முகத்தைப் பார்க்கிறேன்" என்பார்கள். அண்ணி முதலில் பொறுத்துப் பார்த்தார். பிறகு கட்டிலருகே தரையில் பாய் விரித்து, "முகம் பார்க்க வேண்டுமானால் இதில் படுத்துப் பாருங்கள்" என்றார். மூட்டு வலிக்காரரான பெரிய மாமா உண்மையிலேயே படுத்தார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் பக்கத்துக் கட்டிலில் ஜோலார்பேட்டைக்காரர் ஒருவர். அவருக்கு எண்ணெய்க்குப் பதில் வாயு. அது தானாகவே கரைந்துவிடும், எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, ஏலகிரிக்கும் போகக்கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண்ணழுத்தம் எகிறிவிடும். மனிதருக்கு மலைமேல் மச்சினன் வீட்டுக் கல்யாணம், முகம் தொங்கிவிட்டது.

அண்ணனுக்கு இப்போது அந்தக் கண்ணில் விரல் எண்ணத் தெரிகிறது. நூல் கோக்கும் பார்வை திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சில மாதங்களில் எண்ணெயை எடுக்க வேண்டும். அதுவரை கண்ணழுத்தம் பார்க்கப் போய்வர வேண்டும். அடுத்த கண்ணில் மெலிந்த இடங்களைச் சுற்றி லேசர் போட்டாயிற்று. அவர் பிள்ளைகள் இருவரும் கண்ணாடி போடுகிறவர்கள். சனிக்கிழமை அவர்களையும் காட்டப் போகிறேன். கண் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் படிக்க முடியாது என்றதும், இப்போதே கிளம்பலாம் என்கிறார்கள்.