ஆறு சொல் வசனம்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆசிரியராக இருந்த சேரைப் பற்றி, பழைய மாணவர் சங்க மலரில் நான்தான் எழுதவேண்டும் என்று மலர்க்குழு சொல்லிவிட்டது. செயலாளர் என்றால் மறுக்க முடியாது. கூடவே ஒரு நிபந்தனை: "பழசுகளைக் கிண்டாதையும்." எங்கள் மலரின் பழைய இதழ்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். காலமான ஆசிரியர்கள் அத்தனை பேரும் பேராசான்கள். மாணவரைப் பெற்ற பிள்ளைபோல் பார்த்தவர்கள். ஒருவர் கையிலாவது பிரம்பு இல்லை. நான் படித்ததும் அந்தப் பள்ளிக்கூடம்தானா என்று எனக்கே சந்தேகம் வரும். அதனால் சேரிடம் நேராகப் போகாமல், ஒரு படத்துக்குள்ளால் சுற்றிக்கொண்டு போகிறேன். சேருக்கும் படம்தான் பிடிக்கும்.

2016 பெப்ரவரி, கனடாவில் ஸ்காபறோவில் நல்ல பனி. மகள் என்னை ஒரு பகிடிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கோயன் சகோதரர்கள் எடுத்த ‘ஹெயில், சீசர்!’ 1951ஆம் ஆண்டு ஹொலிவூட்டில் கபிட்டல் பிக்சர்ஸ் என்ற கற்பனைக் கொம்பனியில் நடக்கிற கதை. எடி மானிக்ஸ் என்பவர் ஒரு நாள் முழுக்க அந்த ஸ்டூடியோவுக்குள் ஓடித் திரிகிறார். ரோமத் தளபதியாக நடித்துக்கொண்டிருந்த பெரிய நட்சத்திரத்தை யாரோ கடத்தி ஒரு லட்சம் டொலர் கேட்கிறார்கள். நீச்சல் படங்களில் கடற்கன்னியாக வருகிற நடிகைக்குக் கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை. வம்புப் பத்திரிகைக்காரிகள் இரட்டைச் சகோதரிகள். ஒருத்தியை அனுப்பிவிட்டுத் திரும்பினால் மற்றவள் வந்து நிற்கிறாள். இத்தனையையும் மூடி மறைப்பதுதான் மானிக்ஸின் உத்தியோகம். எனக்கு எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியர் இரவில் இரண்டாம் மணி அடித்த பிறகு டோர்ச் லைற்றோடு நடக்கிற நடை ஞாபகம் வந்தது. மிச்சம் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எடி மானிக்ஸ் என்ற பெயரில் எம்.ஜி.எம். என்ற ஹொலிவூட் ஸ்டூடியோவில் உண்மையிலேயே ஒருவர் இருந்தார். வேலையும் இதேதான். ஆனால் அவர் சாதுவான மனிதர் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. படத்து மானிக்ஸோ மனைவிக்குத் தெரியாமல் இரண்டு மூன்று சிகரட் பிடித்ததற்குப் பாவமன்னிப்புக் கேட்கப் போகிறார். இவ்வளவு அடிக்கடி வரவேண்டாம் என்று பாதிரியாரே சொல்லுகிறார். உண்மை மனிதரின் பெயரை மட்டும் எடுத்து, தோய்த்து, கஞ்சி போட்டு, ஸ்திரி பண்ணிப் போட்டிருக்கிறார்கள். எங்கள் மலர்க்குழு கையில் கொடுத்தாலும் இதைத்தான் செய்யும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தில் ஹோபி டொயில் என்று ஒரு கௌபோய்ப் பொடியன் வருகிறான். குதிரையில் தலைகீழாகத் தொங்குவான், மரக்கொப்பில் பாய்வான், கயிற்றை எறிந்தால் குறி தப்பாது. அவனுடைய சாயலை மாற்ற வேண்டும் என்று மேலிடம் முடிவெடுக்கிறது. உடனேயே கோட்டும் போ டையுமாக, பெரிய இடத்து வரவேற்பறை நாடகப் படம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முதலில் சோகம் கலந்த ஒரு சின்னச் சிரிப்பு, அதற்குப் பின்னால் ஒரேயொரு வசனம். அது அவ்வளவு லேசாக இருந்துவிட்டால் எவ்வளவு நல்லது என்கிற மாதிரி ஒரு வசனம். பொடியனின் நாக்கு மாட்டுப்பட்டியில் வளர்ந்த நாக்கு. வரவில்லை. இயக்குநர் பட்டுப்போல மென்மையாகத் திருத்துகிறார். திரும்பச் சொல்லுகிறான். திருத்துகிறார். திரும்பச் சொல்லுகிறான். அந்த இயக்குநராக நடித்தவரின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தால் ரால்ஃப், சொல்ல வேண்டியது ரேஃப் ஃபைன்ஸ். சேர் கேள்விப்பட்டிருந்தால் அதற்கே ஒரு பாடவேளை போயிருக்கும்.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஏன் இவ்வளவு சத்தமா?" என்றாள்.

1973. பெரிய மண்டபம். பரிசளிப்பு விழாவுக்கு ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தின் கடைசிக் காட்சிகள் சில. எனக்குப் பதினாறு வயது, வடமராட்சியிலிருந்து வந்த விடுதிப் பொடியன். ஊரில் சின்ன வயதிலேயே காத்தவராயன் கூத்தில் சின்னக் காத்தானுக்கு ஆடியிருக்கிறேன். விடிய விடியப் பாடினாலும் தொண்டை கட்டாது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக் கிழவிக்கும் கேட்கும். அந்தக் குரலைக் காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடும்போது சேர் கேட்டிருக்கிறார். "உமக்குக் குரல் இருக்கு. நாடகத்துக்கு வாரும்" என்றார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

தந்தது சேட்டன் என்ற சேவகனின் பாத்திரம். வாளோடு நிற்கவேண்டும். உள்ளே பெண்களின் ஓலம் கேட்டதும் வந்து மக்பெத்திடம் ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஆறே ஆறு சொல்: "த குவீன், மை லோட், இஸ் டெட்." அதற்குப் பிறகு மக்பெத் ‘நாளை, நாளை’ என்று வருகிற அந்தப் புகழ்பெற்ற பேச்சு. நான் சொன்னால்தான் அவர் தொடங்கலாம்.

முதல் நாள் நான் சொன்னேன், கூத்துக் குரலில். மண்டபக் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பிவிட்டன. சேர் ஒருகணம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அரசி செத்துப்போனா. நீர் ஏலம் கூறவில்லை. திரும்பச் சொல்லும்."

சொன்னேன். "குவீன் இல்லை. உதட்டைக் குவியும். விசில் அடிக்கிற மாதிரி." குவித்தேன். "லோட் இல்லை, லோ...ட். லொறி லோட் வேறை, இது வேறை." எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு என்ன பட்டப்பெயர் விழுந்தது என்று உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை. மூன்று கிழமை, ஒவ்வொரு நாள் பின்னேரமும் இதே ஆறு சொல். சேர் ஒருநாளும் அடிக்கவில்லை, ஏசவில்லை. அதுதான் தாங்க முடியாதது. "நல்லது. இன்னும் ஒருக்கால்." அவ்வளவுதான். இரவில் போர்வைக்குள்ளே சொல்லிப் பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் ஒருநாள், "அந்த மனிசி இன்னும் சாகேல்லையோடா?" என்று கேட்டான்.

சேரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. யாழ்ப்பாணத்து ரீகல் தியேட்டரில் நல்ல இங்கிலிஷ் படம் வந்தால் விடுதிப் பொடியன்களைத் தன் பொறுப்பில் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர் ஒருவர்தான். விளக்கு அணைந்து கொம்பனிச் சின்னம் விழுந்ததும் வரிசையின் அந்தத்திலிருந்து எட்டி, "எந்தக் கொம்பனி?" என்று கேட்பார். சிங்கம் உறுமினால் எம்.ஜி.எம்., மலை என்றால் பரமவுண்ட், தீப்பந்தம் பிடித்த பெண் கொலம்பியா. திரும்பி நடக்கும்போது ஸ்டூடியோக் கதைகள். நடிகர்களை ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவார்களாம். தருகிற பாத்திரத்தை வேண்டாம் என்றால் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்து, அந்த நாட்களையும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்களாம். ஒலிவியா டி ஹவிலண்ட் என்ற நடிகை வழக்குப் போட்டு, ஏழு வருஷம் என்றால் நாட்காட்டியில் உள்ள ஏழு வருஷம்தான் என்று 1944இல் தீர்ப்பு வாங்கினாராம். "அப்ப சேர், எங்களுக்கும் வெளியே போகத் தடை போட்ட நாட்களைத் தவணை முடிவிலே கூட்டுவீங்களோ?" என்று ஒருவன் கேட்டான். சேர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

பரிசளிப்புக்கு இரண்டு நாள் முன்னர் சேர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். தோளில் கையை வைத்தார். "நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். ஓலம் கேட்டதும் வந்து, தலையைக் குனிஞ்சுகொண்டு நில்லும். உம்முடைய முகமே போதும். மக்பெத் விளங்கிக்கொள்ளுவார்."

"ஓம் சேர்" என்றேன். அந்த மூன்று கிழமையில் நான் பிழையில்லாமல் சொன்னது அது ஒன்றுதான்.

அய்யாவுக்கு ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தேன், மகன் மேடையில் இங்கிலிஷ் பேசப்போகிறான் என்று. பருத்தித்துறை பஸ்ஸில், சலவை வேட்டியும் சால்வையுமாக வந்து, நாலாவது வரிசை ஓரத்தில் இருந்தார். ஓலம் கேட்டது. போனேன். குனிந்தேன். நின்றேன். சால்வையின் கரை மட்டும் தெரிந்தது. மக்பெத் பேசி முடித்தார், கைதட்டல். அந்த இடம் நன்றாக இருந்தது என்று பிரதம விருந்தினர் தன் பேச்சில் தனியாகச் சொன்னார் என்றார்கள். நான் கேட்கவில்லை, பின்பக்கத்துக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பஸ் நிலையம் வரைக்கும் அய்யாவோடு நடந்தேன். அவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்ததும் ஏறுகிற நேரம் சொன்னார்: "நல்லா நிண்டனி தம்பி."

படத்தில் பிற்பாடு ஓர் இடம் வரும். எடிற்றிங் அறையில் ஹோபியின் காட்சியைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த நீண்ட வசனம் போய்விட்டது. அதற்குப் பதிலாக, விஷயம் சிக்கலானது என்கிற பொருளில் சின்னதாய் ஒன்று. பொடியன் அதை அமைதியாக, அளவாகச் சொல்லுகிறான். அந்த இயக்குநர் செய்தது சரிதான். வெட்டியதால் காட்சி நன்றாகத்தான் வந்திருக்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் பொப்கோர்ன் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இதே படத்தின் முடிவில் ரோமத் தளபதியாக வருகிற பெரிய நட்சத்திரம் சிலுவையடியில் நின்று உருக்கமாகப் பேசிக்கொண்டே போகிறார். படப்பிடிப்புக்காரர் எல்லாரும் கண்கலங்கி நிற்கிறார்கள். கடைசிச் சொல் ‘விசுவாசம்’ மறந்துபோகிறது. "கட்!" அவருடைய வசனத்தை எவரும் வெட்டவில்லை. நட்சத்திரம் என்றால் அப்படித்தான். எங்கள் மக்பெத்தும் ஒத்திகையில் எத்தனை தரம் மறந்தார் என்று அவருக்கே தெரியும். இந்த மலர் சிட்னிக்கும் போகும், வாசிப்பார்.

இடையில் லொக்கீட் விமானக் கொம்பனிக்காரர் ஒருவர் மானிக்ஸை வேலைக்குக் கூப்பிடுகிறார். நல்ல சம்பளம், நேரத்துக்கு வீட்டுக்குப் போகலாம், சினிமா எல்லாம் இனி எத்தனை நாளைக்கு என்கிறார். அந்த ஆள் சொல்வதில் பிழையில்லை. தியேட்டர்களும் ஸ்டூடியோக்களும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று 1948இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்தது. மானிக்ஸ் யோசித்து யோசித்து, கடைசியில் போகவில்லை. அந்தப் பைத்தியக்காரக் கூட்டத்தோடு இருந்துவிடுகிறார்.

நான் 1984இல் போய்விட்டேன். என்னைக் கூப்பிட்டது லொக்கீட் இல்லை, ரொறன்ரோவில் ஒரு தையல் தொழிற்சாலை. அதற்காகப் போனேன் என்று சொல்லவும் முடியாது. அந்த வருஷம் ஏன் போனோம் என்று உங்களுக்குத் தெரியும். சேர் போகவில்லை. பிள்ளைகள் கூப்பிட்டும் போகவில்லை. கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த காலத்தோடு ரீகலும் போயிற்று. சேர் தன் வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் படிப்பித்துக்கொண்டு இருந்தார்.

சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து, 2003இல் ஊருக்குப் போனபோது பார்க்கப் போனேன். கதிரையைத் தன் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். கனநேரம் உற்றுப் பார்த்தார்.

"நீர்தானே அந்தக் குவீன் செத்த செய்தி சொன்னனீர்? எவ்வளவு வடிவாச் சொன்னனீர்! பின்னுக்கு இருந்த ஆட்களுக்கும் கேட்டது."

கூட வந்த தம்பி என்னைப் பார்த்தான். திருத்தவா, விடவா? திருத்துவது சேருடைய வேலை. நான் "ஓம் சேர்" என்றேன். இரண்டாவது தடவை.

படத்தைப் பார்த்த வருஷமே அதன் டிவிடியை வாங்கி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். பெட்டியில் இடமில்லை என்றார் ஒருவர். இன்னொருவர் கொழும்பில் வெள்ளவத்தையோடு நின்றுவிட்டார். பிறகு நானும் யாரையும் கேட்கவில்லை. கபிட்டல் பிக்சர்ஸ் என்ற பெயரைக் கேட்டவுடன், "அப்படி ஒரு கொம்பனியே இல்லையே" என்று சேர் சொல்லியிருப்பார். டிவிடி இப்போதும் மேசை லாச்சியில், பிரிக்காமல் கிடக்கிறது.

தை மாதம் விடியப்புறம் ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி. 92 வயது, நித்திரையிலேயே. அன்று பின்னேரம் எங்கள் கிளையின் மாதாந்தக் கூட்டம். செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுந்து அறிவிக்க வேண்டும். அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். என்னை அறியாமல் தலை குனிந்துவிட்டது. அப்படியே கொஞ்சநேரம் நின்றேன்.

பின்வரிசையிலிருந்து, காதுக்குள் மெஷின் போட்டிருக்கிற எங்கள் போஷகர் கத்தினார்: "என்ன தம்பி நிக்கிறீர்? விஷயத்தைச் சொல்லுமன்!"

சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் அவருடைய மெஷினைத் தட்டிச் சரிசெய்துவிட்டு என்னைப் பார்த்து, "இன்னும் ஒருக்கால்" என்றார்.