கத்திரி வெயிலில் ஒரு மழைக்கால மாதிரி

ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பி நாலு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்தன. முதல் ஆள் அறிமுகப் பகுதியைச் சுருக்கச் சொல்லியிருந்தார். இரண்டாவது ஆள் எழுதியது ஒரே வரி: மே 11-ஆம் தேதி எடுத்த மாதிரிகளில் உப்புத்தன்மை வெறும் 9 (ஆயிரத்துக்கு 9 பங்கு) என்று இருக்கிறதே, கோடையில் அது எப்படி? கூடவே, மூலத் தரவைப் பொதுத் தளத்தில் ஏற்றி அதன் எண்ணைக் கட்டுரையில் தர வேண்டும் என்று இதழின் நிபந்தனையும் இருந்தது.

என் முனைவர் பட்ட ஆய்வு பிச்சாவரம் அலையாத்திக் காட்டில். வெண்கண்டல் மரத்தின் வேரைச் சுற்றியுள்ள சேற்றில் என்னென்ன பாக்டீரியா இருக்கின்றன, பருவத்துக்குப் பருவம் அவை எப்படி மாறுகின்றன என்பதுதான் கேள்வி. ஒன்பது முறை படகில் போனேன், ஒவ்வொரு முறையும் ஆறு மாதிரி, மொத்தம் 54. அந்த இடத்தைத் தெரிந்தவர்களுக்கு மதிப்பீட்டாளரின் சந்தேகம் உடனே புரியும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வெள்ளாறு, கொள்ளிடம் பக்கமிருந்து வரும் நன்னீரும் சேர்ந்து உப்பைக் குறைத்துவிடும். கத்திரி வெயிலில் அது கடல்நீர் அளவுக்கு ஏறி நிற்கும். மே மாதத்தில் 9 வர வழியே இல்லை.

முதலில் உப்பை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். இரண்டு நாள் அதைச் சரிபார்ப்பதிலேயே போனது. அப்புறம்தான் உறைத்தது. 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. 11-ஆம் தேதி நான் படகில் இருந்திருக்கவே முடியாது, ஊரில் அம்மாவோடு இருந்தேன்.

அலமாரியிலிருந்து களக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். 05-11-2021. நவம்பர் 5, தீபாவளிக்கு மறுநாள். படகுக்கார அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்த அதிரசத்தின் எண்ணெய்க் கறை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. கீழே என் கையெழுத்து: ‘ராத்திரி முழுக்க மழை. தண்ணீர் கலங்கல். உப்பு 9.’ அளவு சரி, தேதிதான் தப்பு.

நடந்தது இதுதான். ஆய்வகக் கணினியில் தேதி அமெரிக்க முறையில் அமைந்திருந்தது, மாதம் முன்னால், நாள் பின்னால். 05-11-2021 என்று அடித்ததும் எக்செல் அதை மே 11 என்று எடுத்துக்கொண்டது. ஆனால் திரையில் 5/11/2021 என்றுதான் காட்டியது, நம் ஊர்க் கண்ணுக்கு அது நவம்பர் 5-ஆகவே தெரியும். மேலிருந்து கீழாக ஓடும் அதே பத்தியில் 23-08-2021 என்று அடித்ததை அதனால் தேதியாக்க முடியவில்லை, 23-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே. அதை வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. உற்றுப் பார்த்தால் தெரியும்: தேதியாக மாறியவை கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக நின்றவை இடது ஓரத்தில். இரண்டு வருடம் தினமும் திறந்த கோப்பு, அந்த வித்தியாசத்தை நான் கவனித்ததே இல்லை. உங்களிடம் அப்படி ஒரு கோப்பு இருந்தால் இப்போதே தேதிப் பத்தியை ஒருமுறை பாருங்கள்.

நாள் 12-க்குள் வந்த பயணங்கள் நான்கு. அதில் ஒன்று 2022 பிப்ரவரி 2, எப்படிப் புரட்டினாலும் மாறாது. மீதி மூன்று பயணங்களின் 18 மாதிரிகள் தப்பான மாதத்தில் உட்கார்ந்திருந்தன. மரபணு ஆய்வு செய்பவர்களுக்கு இது பழகிய வலி. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020-இல் அந்தப் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று.

ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் போய் நின்றபோது கை நடுங்கியது. முழுதும் கேட்டுவிட்டு, “எத்தனை படம் மாறும்மா?” என்றார். “மூணு சார்.” “சரி, எடிட்டருக்கு நாமளே எழுதிடுவோம். என்ன தப்பு, எப்படிக் கண்டுபிடிச்சோம், என்ன மாறுச்சு, எல்லாத்தையும் எழுது.” அந்தக் கடிதத்தை எழுத ஒரு வாரம் ஆனது. பகுப்பாய்வைத் திரும்பச் செய்தபோது மழைக்காலத்துக்கும் கோடைக்கும் உள்ள வேறுபாடு முன்பைவிடத் தெளிவாக வந்தது. நாங்கள் பெரிதாக எழுதியிருந்த இன்னொரு முடிவு காணாமல் போனது. அதை நீக்கிவிட்டோம்.

திருத்தும்போது பழைய கோப்பில் கை வைக்கவில்லை. அதைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, நகல் எடுத்து, ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியாகக் குறிப்பேட்டிலிருந்து மறுபடி அடித்தேன். எதை, எப்போது, ஏன் மாற்றினேன் என்று பக்கத்திலேயே ஒரு சாதாரண உரைக் கோப்பு. கோப்புப் பெயர்களிலும் இப்போது 2021-11-05 என்ற வரிசைதான். எந்த நாட்டுக் கணினியிலும் குழப்பம் வராது, பெயர்வாரியாக அடுக்கினாலே காலவரிசையும் கிடைத்துவிடும்.

பிறகு தரவேற்றம். பாக்டீரியாக்களின் டிஎன்ஏ வரிசைமுறைக் கோப்புகளை அமெரிக்க அரசின் மரபணுத் தரவுத் தளமான என்சிபிஐயில் ஏற்றினேன். முதலில் திட்டத்துக்கு ஒரு எண், அடுத்து ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு எண், கடைசியில்தான் கோப்புகள். மாதிரி அட்டவணை முதல் தடவை திரும்பி வந்தது. ஒரே மரத்தடியில், ஒரே நாளில் எடுத்த மூன்று மாதிரிகளுக்குப் பெயரைத் தவிர எல்லா விவரமும் ஒன்றாக இருந்தால் அந்தத் தளம் ஏற்காது. எத்தனையாவது மாதிரி என்று ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்ததும் ஏற்றுக்கொண்டது. கட்டுரை வரும்வரை தரவை மூடிவைக்கத் தேதி குறிப்பிடலாம், அதனால் முன்கூட்டியே ஏற்றுவதில் பயம் வேண்டாம். 2022-இல் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் ஃபரிதாபாதில் இருக்கிறது, புதிதாகத் தொடங்குபவர்கள் அதையும் பாருங்கள். உப்பு, வெப்பநிலை அட்டவணையையும் பகுப்பாய்வு நிரல்களையும் அந்தத் திருத்தக் கோப்பையும் ஜெனோடோவில் வைத்தேன். ஐரோப்பிய ஆய்வு மையமான செர்ன் நடத்தும் இலவசத் தளம் அது, மேற்கோள் காட்ட நிரந்தர எண்ணும் தரும்.

அங்கே பெயர் கேட்டபோது இன்னொரு முடிச்சு. நம் இனிஷியல் விஷயம். என் முதல் கட்டுரையில் அப்பாவின் எழுத்து முன்னால், இரண்டாவதில் பின்னால், மூன்றாவதில் அப்பாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. தேடுபொறிக்கு நான் மூன்று பேர். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஓர்சிட் எண் வாங்கி மூன்றையும் அதில் சேர்த்த பிறகுதான் ஒரே ஆளானேன். 16 இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை. முதலாமாண்டிலேயே வாங்கிவிடுங்கள், சொந்த மின்னஞ்சலில் வாங்குங்கள். பல்கலைக்கழக முகவரி நாம் வெளியே வந்த பிறகு எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலைக்கான நேர்காணலில் கட்டுரைகளின் எண்ணிக்கை பற்றி யாரும் கேட்கவில்லை. குழுவில் ஒருவர் ஜெனோடோ பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். அந்தத் திருத்தக் கோப்பைப் படித்துவிட்டு, “இந்த 18 மாதிரி கதையைச் சொல்லுங்கள்” என்றார். இருபது நிமிடம் பேசினேன். ஊரடங்கு, ரிஃப்ராக்டோமீட்டர், நீக்கிய முடிவு, எல்லாம். அந்த வேலை கிடைத்தது. எந்த ஆய்விதழ், அதன் மதிப்பு எத்தனை புள்ளி என்றே எங்களைப் போன்ற ஸ்காலர்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள், தரவை எப்படி வைத்திருக்கிறாய் என்று ஒருவராவது முதல் வருடத்திலேயே கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

போன மாதம் ஜூனியர்களோடு மறுபடி பிச்சாவரம் போனேன். ஒரு பெண் மாதிரிப் பைகளில் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தாள். ஆல்கஹால் பட்டால் அது அழிந்துவிடும் என்று சொல்லி, தடித்த தாளில் பென்சிலால் எழுதிப் பைக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்கச் சொன்னேன். என் குறிப்பேடுகள் ஐந்தில் மூன்றை ஸ்கேன் செய்து முடித்துவிட்டேன். நான்காவது படகில் நனைந்தது, பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பென்சில் எழுத்து என்பதால் பிரித்த பக்கங்களை எல்லாம் படிக்க முடிகிறது.