அப்பா எடுத்துவந்த டிடி

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பொறியியல் இடம் ஒதுக்கப்பட்ட ஆணை கைபேசிக்கு வந்தபோது, 1998இல் அப்பாவும் நானும் இரவுப் பேருந்தில் சென்னை வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் எங்கள் முறைக்காகக் காத்திருந்த நாள் நினைவுக்கு வந்தது. எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் இடம் ஒதுக்கும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். அப்பா வேட்டி மடிப்பில், கட்டணத்துக்கான வங்கி வரைவோலையான டிடியைப் பத்திரமாக வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

கிராமப்புற மாணவர்களுக்குப் பாதகமாக இருந்த அந்த நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010இலும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலில் 2021இலும் வந்தன. இவற்றில் ஒன்று அன்று இருந்திருந்தால் அப்பா வயலை அடகு வைத்திருக்க மாட்டார்.

ஆனால் இடம் கிடைப்பது எளிதாக எளிதாக, எந்தக் கல்லூரி நல்லது என்று அறிவது கடினமாகிவிட்டது. 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைக்கும் முன்பு, 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியையும், கோவை, மதுரை, காரைக்குடி போன்ற ஊர்களின் சில கல்லூரிகளையும் சொன்னால் பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிடும். அவற்றின் பெயரே சான்றிதழாக இருந்தது. பின்னர் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியபோது அந்தப் பொது அறிவு பயனற்றுப்போனது. இப்போது பெற்றோர் பார்ப்பது, ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணைச் சொல்லும் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைத்தான். கட்-ஆஃப் உயர்ந்த கல்லூரியை மறு ஆண்டு மேலும் பலர் கேட்கிறார்கள், கேட்பதாலேயே அது இன்னும் உயர்கிறது; வகுப்பில் யார், எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது இந்தச் சுழற்சியில் எங்குமே வருவதில்லை. மகளுக்காக விருப்பப் பட்டியல் தயாரித்த நாட்களில் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்ட ஒரு கல்லூரியில், வேலைவாய்ப்புப் பலகையின் முன் நிறுத்தி அனுப்பிவிட்டார்கள்.

அரசு ஒதுக்கீட்டுக்குக் கட்டணம் வரையறுக்கப்பட்டிருந்தாலும், பேருந்து, விடுதி, பயிற்சி என்று தனித்தனி ரசீதுகளாக வருவதைக் கூட்டினால் குடும்பம் தாங்கும் சுமை வேறாக இருக்கிறது. மகளின் முதல் பருவத்துக்கு நான் கட்டியதில் கல்விக் கட்டணம் பாதிகூட இல்லை. அப்பாவிடம் அந்த ரசீதுகளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, இதில் பாடம் நடத்துவதற்கு எது என்று கேட்டார்.