செவலை படுத்துவிட்டது

காலை நாலரைக்கு லாயத்தை எட்டிப் பார்த்தேன். புதிதாக வாங்கிய வண்டிக் குதிரை செவலை கால் நீட்டிப் படுத்திருந்தது.

அப்படியே வாசலில் நின்றுவிட்டேன்.

பர்மாவின் மாண்டலேயிலிருந்து சுமார் 67 கிலோமீட்டர் மலையேறி எங்கள் மலை ஊரான மேமியோ வந்து இன்றோடு ஆறு நாள். ஐந்து இரவும் நின்றபடியேதான் கண் அயர்ந்தது. குதிரை நின்றுகொண்டே தூங்கும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். இடத்தின் மேல் நம்பிக்கை வராமல் படுக்காது.

முதல் நாள் வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறே கலங்கிப்போனது எனக்கு. செவலையின் பழைய சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய தவிட்டோடு நம்முடையதைப் பிடி பிடியாகக் கூட்டிக் கலக்கிறோம். தீனியைச் சட்டென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். வாந்தி எடுக்கக்கூட முடியாத பிராணி, உயிருக்கே ஆபத்து.

"வண்டி எப்பப்பா பூட்டுவே?" என்று தெருவே கேட்கிறது.

"முதல்ல நம்ம வீட்டைத் தெரிஞ்சுக்கட்டும்ணே."

வலது காதில் ஒரு வைக்கோல் துரும்பு. மூச்சு விடும்போதெல்லாம் கீழுதடு லேசாகத் துடித்தது.

அம்மா வாளியோடு வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். இருவரும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தோம்.